வாங்கக்காவின் மூன்றாம் ஞாயிறு

"வாங்க, வாங்க, வாங்க!"

மூன்று முறைதான். இரண்டு தடவை சொன்னால் கடமைக்குச் சொன்னதுபோல் இருக்குமாம். நான்கு தடவை சொன்னால் கடைக்காரர் கூவுவதுபோல் ஆகிவிடுமாம். முதல் 'வாங்க' படிக்கட்டின் அடியில் இருப்பவருக்கு. இரண்டாவது, அவர் மேலே ஏறும்போது. மூன்றாவது, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். அதற்குள் அக்காவின் கும்பிட்ட கைகள் வழியை முழுசாக மறித்திருக்கும். தலை முதல் கால்வரை ஒரு பார்வை. தெரிந்தவர் என்றால் அக்கா ஒதுங்கி வழிவிடுவார். புதியவர் என்றால், பாவம் அவர்.

ஞாயிறு எட்டரை மணித் திருப்பலிக்கு ஏழே முக்காலுக்கே கோவிலின் பெரிய கதவருகில் அக்கா ஆஜர். மடிப்புக் கலையாத புடவை, கையகலக் கைப்பை, மார்பில் 'வரவேற்புக் குழு' என்று பொறித்த வில்லை. குழுவில் ஆறு பேர் என்று, இந்தக் கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் 'பங்கு' வைத்திருக்கும் அறிவிப்புப் பலகை சொல்கிறது. மற்ற ஐந்து பேரை வாசலில் யாரும் பார்த்ததில்லை. அக்கா நிற்கிற இடத்தில் இன்னொருவர் நிற்க இடமிருக்காது. அதற்கும் அவருடைய உடம்புக்கும் சம்பந்தமில்லை, ஒல்லியான பெண்மணிதான். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் 'அக்கா'. அந்தப் பக்கம் திரும்பினால் 'வாங்கக்கா'.

புதியவரிடம் கேட்பதற்கு மூன்று கேள்விகள் உண்டு. "எங்க குடியிருக்கீங்க?" "இதுக்கு முன்னாடி எந்தப் பங்குல இருந்தீங்க?" "பாடுவீங்களா?" முதல் இரண்டும் மரியாதைக்கு. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. "பாடுவேன்" என்றால் அக்காவின் முகம் வாடிவிடும். பாடத் தெரிந்தவர் நேராகப் பாட்டு டீச்சரின் குழுவுக்குப் போய்விடுவார். பாட்டு டீச்சருக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். "பாட வராதுங்க" என்றால் அக்காவுக்கு வாயெல்லாம் பல். கைப்பையிலிருந்து ஒரு காகித உறை வெளியே வரும். அதற்குள் திருப்பலி நேரங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று, எழுதாத பேனா ஒன்று, 'உங்கள் திறமைகளைப் பங்குக்கு அர்ப்பணியுங்கள்' என்ற படிவம் ஒன்று. படிவத்தில் இருபத்திரண்டு பணிகள். நாற்காலி அடுக்குதல், நாற்காலி துடைத்தல் இரண்டுக்கும் அக்காவே முன்கூட்டி டிக் அடித்து வைத்திருப்பார். "உங்களுக்கு எதுக்குச் சிரமம், கையெழுத்து மட்டும் போடுங்க." பேனா எழுதாத ஒரே காரணத்தால் தப்பித்தவர்கள் உண்டு.

கோவிலுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பூச்சாடிகள் வைக்கும் அறையை ஒட்டி, குனிந்து நுழைகிற உயரத்தில். கொஞ்ச காலமாகப் பங்கில் பாதிப் பேருக்கு அந்த வழிதான். இடுப்புப் பிடிப்புக்காரர்கள்கூட முனகிக்கொண்டே குனிந்து வருகிறார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கும் அதே வழிதான். அவர் பஸ் டெப்போவில் வண்டிகளின் வரவு, போக்கு நேரம் குறிப்பவர். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார். மனைவியைக் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, கோவிலை ஒரு சுற்றுச் சுற்றிப் போய்க் குனிந்து நுழைவார். "உங்க வீட்டம்மாதானே, உங்களையுமா கேள்வி கேக்கப் போறாங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு, "கேட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

"பக்கக் கதவு வழியா வர்றவங்களை யாருங்க வரவேற்கிறது? அநாதை மாதிரி உள்ள வர்றாங்க, பார்க்கவே பாவமா இருக்கு" என்று அக்காவுக்கு ஒரே கவலை. போன வருடம் பங்குப் பேரவையில் அந்தக் கதவைப் பூட்டிவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக ஒரே ஒரு ஓட்டு. அந்தப் பேரவையில் அக்காவின் வீட்டுக்காரரும் உறுப்பினர் என்பதை இங்கே சொல்லி வைப்பது நல்லது.

மீதி ஆறு நாளும் அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே 'வாங்க' என்ற பேச்சே கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்காமல், "டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க, கூப்பிடுவாங்க." கன்னம் வீங்கியவருக்கும் அதே, கைக்குழந்தையோடு வந்தவளுக்கும் அதே. ஒரு தடவை பாட்டு டீச்சரே கடைவாய்ப் பல் வலியோடு வந்து ஒன்றரை மணி நேரம் எதிரே உட்கார்ந்துவிட்டுப் போனார். கவனிக்கவே இல்லை என்று அக்கா சத்தியம் செய்கிறார். நம்பலாம். டோக்கன் எண்ணைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு முகம் எதற்கு? "ஆறு நாள் சிரிப்பைச் சேத்து வெச்சு ஒரு நாள்ல செலவு பண்றேன்" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இதையெல்லாம் கேலி செய்யலாம். பங்கு முழுக்க அதைத்தான் செய்கிறது. ஆனால் அந்த முப்பத்தொரு ஞாயிறு பற்றி அக்கா சொல்லும்போது மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

இருபது வருடத்துக்கு முன்பு, வீட்டுக்காரருக்கு இந்த ஊர் டெப்போவுக்கு மாற்றல் ஆனபோது, அக்கா இதே கோவிலுக்குப் புதிதாக வந்தார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்காரருக்கு அப்போது ஞாயிறும் வேலை. தனியாக வருவார், தனியாக உட்காருவார், தனியாகப் போவார். "பூசையில ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கிற நேரத்துலகூட என்னைத் தாண்டி அடுத்தவங்களைப் பார்த்துத்தான் கும்பிடுவாங்க. நான் பெஞ்சுல ஒரு ஓட்டை மாதிரி இருந்தேன்." முப்பத்தொரு ஞாயிறு அப்படிப் போயின, எண்ணி வைத்திருக்கிறார். முப்பத்திரண்டாவது ஞாயிறு பக்கத்திலிருந்த அம்மாள் முதல்முறையாக இவர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அக்கா அழுதாராம். துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

பிறகு எட்டு வருடம் கழித்து வரவேற்புக் குழு என்று ஒன்று தொடங்கியபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். "நான் நிக்கிற வாசல்ல, ஒரு வார்த்தை பேச ஆளில்லாம ஒருத்தரும் உள்ள போகக் கூடாது" என்று அன்றைக்குச் சொன்னார். பன்னிரண்டு வருடமாக அந்த வாசலில் நிற்கிறார். காய்ச்சலோடு நின்றிருக்கிறார். காலில் கட்டோடு நின்றிருக்கிறார். திருப்பலி முழுக்கக் கதவருகிலேயே நிற்பார். தாமதமாக வருகிறவரை யார் வரவேற்பது? "ஒருத்தர்கூட அப்படிப் போனதில்ல" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். ஆஸ்பத்திரி மேசையைப் பற்றியோ, சொந்த வீட்டைப் பற்றியோ அக்கா இப்படிப் பெருமை பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கென்று இருப்பது இந்த ஒன்றுதான்.

கோவில் முற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது கார் நிற்கிற இடத்தில் ஐம்பது வந்து நிற்கும். நல்லவேளையாக ஒரு வாட்ச்மேன் இருந்தார். சாம்பல் நிற யூனிஃபார்ம், புருவத்தை மறைக்கிற தொப்பி, கழுத்தில் விசில். எந்த வண்டியை எங்கே செருக வேண்டும், யார் சீக்கிரம் கிளம்புகிறவர், யார் பேசிக்கொண்டே நிற்கிறவர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மழை நாளில் வயதானவர்களுக்குக் குடை பிடித்துப் படிவரை கொண்டுவந்து விடுவார். அக்கா மேல் படியிலிருந்தே கை நீட்டி உத்தரவு போடுவார். "அந்த வெள்ளை வண்டியை எடுக்கச் சொல்லுப்பா!" "சரிம்மா." "அந்த மூணு பைக்கையும் ஓரமாத் தள்ளுப்பா!" "ஆகட்டும்மா." வண்டிகள் அடங்கியதும் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைசித் தூணோரம் நிற்பார்.

அவருக்கு 'வாங்க' கிடையாது. வேலையில் இருப்பவரை எதற்கு வரவேற்பது? ஆனாலும் அக்கா குறை வைக்கிறவர் அல்ல. கூட்டங்களில் மீந்த பிஸ்கட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். "எடுத்துக்கப்பா, வீட்டுல குடு."

இந்த வருடம், கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அக்காவுக்கு அந்த வாட்ச்மேன்மேல் ஒரு கோபமும் வந்தது. பங்குத்தந்தை விழித்திருப்பதைப் பற்றி உருக்கமாக மறையுரை ஆற்றிக்கொண்டிருக்க, வாட்ச்மேன் தூணில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கினார். "டூட்டி நேரத்துல தூங்குறதுக்கு ஒரு அளவு வேணாம்? அதுவும் இந்தப் பிரசங்கத்துக்கா?" என்று வீடு போகும்வரை காரில் பொருமிக்கொண்டே வந்தார். வீட்டுக்காரர், "ம்" என்றார்.

பங்குத்தந்தை ஊருக்குப் புதியவர். ஜூன் மாதம்தான் பொறுப்பேற்றார். இளம் வயது, வயதுக்கேற்ற யோசனைகள். பீடத்துக்கு முன்னால் பச்சை இலை வளையம் ஒன்று வைத்து, அதில் நான்கு மெழுகுவர்த்தி நட்டு, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறும் ஒவ்வொன்றாக ஏற்றுவது எப்போதும் உள்ள வழக்கம். வழக்கமாக ஏற்றுகிறவர் பேரவைத் தலைவர். இந்த வருடம் ஃபாதர் அதை மாற்றினார். "வரப்போறவருக்காகக் காத்திருக்கிற காலம் இது. அதனால இந்த வருஷம் நம்ம பங்குக்குப் புதுசா வந்தவங்கதான் மெழுகுவர்த்தி ஏத்தணும். வாரத்துக்கு ஒருத்தர். அக்கா, ஆள் பிடிக்கிறது உங்க பொறுப்பு."

பன்னிரண்டு வருடத்தில் அக்காவிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. தலைகால் புரியவில்லை. கூடவே தன் பங்குக்கு ஒரு யோசனையும் சொன்னார். ஏற்றி முடித்ததும் ஃபாதர் மைக்கில் அந்தப் புதியவரிடம், "இந்தப் பங்குல உங்களை முதல்ல வரவேத்தது யாரு?" என்று கேட்க வேண்டும். "மத்தவங்களுக்கும் ஒரு ஊக்கமா இருக்கும் ஃபாதர், எனக்காகச் சொல்லல." அவருக்காகச் சொல்லவில்லை என்பதை ஃபாதரும் முகம் மாறாமல் ஏற்றுக்கொண்டார்.

முதல் ஞாயிறு, புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதி. "அந்த அக்காதான்" என்றார்கள், கைதட்டல். இரண்டாம் ஞாயிறு, ஒரு நர்ஸ். "அந்த அக்காதான், என்னை விடவே இல்ல" என்றாள். சிரிப்போடு கூடிய கைதட்டல். அக்கா இரண்டு தடவையும் கதவருகில் நின்றபடி, இதெல்லாம் எதற்கு என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை வீட்டில் ஒத்திகை பார்த்ததாக வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அந்த மாதத்தில் அந்த ஒரு முறைதான்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு ஆள் இல்லை. மற்ற மூன்றும் ஊதா, இது மட்டும் ரோஜா நிற மெழுகுவர்த்தி, மகிழ்ச்சியின் ஞாயிறு. புதியவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களெல்லாம் பக்கக் கதவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு டீச்சர் போன் செய்தார். "அக்கா, ஆள் கிடைக்கலன்னா கூச்சப்படாமச் சொல்லுங்க. என் குழுவுல புதுசா மூணு பேர் சும்மாதான் இருக்காங்க." அடுத்த அரை மணியில் ஃபாதர். "நாளைக்கு யாரும் இல்லைன்னா பரவால்லக்கா. இந்தப் பொறுப்பை டீச்சரே பாத்துக்கட்டும், வாசலையும் சேர்த்து. நீங்களும் பன்னிரண்டு வருஷமா நின்னுட்டீங்க. கொஞ்சம் உக்காருங்க." அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாசலை விட்டால் அவருக்குப் பெஞ்சுதான். அந்தப் பழைய பெஞ்சு.

ஞாயிறு ஏழரைக்கே வந்துவிட்டார். எல்லாம் தெரிந்த முகங்கள். எட்டு மணிக்கு முற்றத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு சிவப்புக் கார் குறுக்கே நிற்க, அதன் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்தது. "இன்னிக்குப் பார்த்தா வாட்ச்மேன் லீவு போடணும்! சொல்லாமக் கொள்ளாம!" பூசை முடிந்ததும் ஃபாதரிடம் புகார் சொல்லி ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அப்போதுதான் கண்ணில் பட்டார் அந்த மனிதர். அறுபது வயது இருக்கும். கட்டம் போட்ட புதுச் சட்டை; கடையில் மடித்த மடிப்பு அப்படியே தெரிந்தது. தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, மேலே போவதா வேண்டாமா என்பதுபோல் வண்டிகளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு உயிர் வந்தது.

"வாங்க, வாங்க, வாங்க!" மூன்றையும் படியிறங்கிக்கொண்டே சொல்லி முடித்தார். "புதுசாங்க?"

"இல்லம்மா, நான் வந்து..."

"கூச்சமே படாதீங்க. எங்க குடியிருக்கீங்க?"

"பின் தெருவுலதாம்மா, ரொம்ப நாளா."

"பாருங்களேன்! கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு இவ்வளவு நாள் வராம இருந்திருக்கீங்க!"

"வர்றேம்மா. நான்தான் அந்த..."

"பாடுவீங்களா?"

"பாட வராதும்மா."

அக்காவின் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. உறையை எடுத்து அவர் கையில் திணித்தார். அவர் அதை வாங்கிக்கொண்டே முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, அந்தச் சிவப்பு வண்டியை மட்டும் ரெண்டடி பின்னாடி எடுத்தா எல்லாம் சரியாயிடும். நான் ஒரு நிமிஷம் போய்ச் சொல்லிட்டு..."

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? அதுக்குன்னு ஒரு ஆள் இருக்கான். இன்னிக்கு லீவு போட்டுட்டான், இருக்கட்டும், பாத்துக்கறேன். நீங்க விருந்தாளி. வாங்க."

அந்த மனிதர் அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். மறுபடி வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். அக்கா அவரை நடுப் பாதை வழியாக அழைத்துப்போய், பாட்டு டீச்சரின் கண்ணில் நன்றாகப் படும்படி முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு ஃபாதரைப் பார்த்து, ஆள் கிடைத்துவிட்டது என்று தலையாட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பினார். மார்பிலிருந்த வில்லையைச் சரிசெய்துகொண்டார்.

பூசையின் தொடக்கத்தில் அந்த மனிதர் பீடத்துக்கு முன்னால் போனார். தீக்குச்சியை ஒரே கிழியில் பற்றவைத்து, காற்றுக்குக் கையைக் குவித்து மறைத்து, ரோஜா நிற மெழுகுவர்த்தியை ஏற்றினார். ஃபாதர் மைக்கை அவர் பக்கம் திருப்பினார். "இந்தப் பங்குல உங்களை முதல்ல வரவேத்தது யாருங்க?"

"அந்த அம்மாதான் ஃபாதர்" என்று வாசலைக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் மனிதர் மைக்கை விட்டு நகரவில்லை. கேட்ட கேள்விக்கு முழு பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"நான் இங்க வந்த முதல் நாள். ராத்திரி டூட்டி முடிச்சுட்டு யூனிஃபார்மோட நேரா பூசைக்கு வந்துட்டேன். யாரையும் தெரியாது. கேட் கிட்ட நின்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். அந்த அம்மா படியில நின்னு என்னைக் கூப்பிட்டு, 'அந்த வெள்ளை வண்டியை எடுக்கச் சொல்லுப்பா'ன்னாங்க. சரி, இந்தப் பங்குக்கு வர்ற எல்லாருக்கும் ஒரு வேலை குடுப்பாங்க போல, இது எனக்குக் குடுத்த வேலைன்னு நினைச்சுக்கிட்டேன். மனசுக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அன்னிலேருந்து விடாமப் பண்றேன் ஃபாதர். பதினோரு வருஷம் ஆச்சு."

பெஞ்சுகளில் தலைகள் வாசலுக்கும் பீடத்துக்குமாகத் திரும்பின.

"நீங்க நம்ம வாட்ச்மேனா?" என்றார் ஃபாதர்.

"இல்ல ஃபாதர். ரயிலடிக்குப் பக்கத்துல ஒரு கிடங்கு இருக்கு, நான் அங்கதான் வாட்ச்மேன். முந்தாநாளோட சர்வீஸ் முடிஞ்சுது, யூனிஃபார்மைத் திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே இந்தச் சட்டையோட நின்னா வண்டிக்காரங்க என் பேச்சைக் கேப்பாங்களான்னுதான் தெரியல."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதுதான் அவருடைய கவலை.

முதலில் சிரித்தது பாட்டு டீச்சர். பாட்டுக் குழுவின் மைக் திறந்திருந்ததால் அது கோவில் முழுக்கக் கேட்டது. சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் சிரிப்பு பாதிப் பெஞ்சைத் தாண்டவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஞாபகம் வந்துவிட்டது: தான் நீட்டிய சாவி, தனக்கு அவர் பிடித்த குடை, 'ஏம்ப்பா' என்று தான் போட்ட சத்தம். அவரை நியமித்தவர் பழைய ஃபாதர் என்று புது ஃபாதர் நினைத்திருந்தார். பேரவைத் தலைவரோ வரவேற்புக் குழு வைத்த ஆள் என்று நினைத்திருந்தார். வரவேற்புக் குழு, அதாவது அக்கா, நினைத்துப் பார்த்ததே இல்லை. பாட்டு டீச்சர் தன் மகளின் திருமணத்துக்கு இருநூறு வண்டியை அவர் தனியாளாகச் சமாளித்ததை நினைத்தாரோ என்னவோ, நோட்டுப் புத்தகத்தில் அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தார்.

அக்கா கதவை விட்டு நகர்ந்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, பூசை நடக்கும்போது கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவமானம் ஒரு பக்கம். அதைத் தாங்கிக்கொள்ளலாம், நாலு வாரம் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். இன்னொன்றுதான் தாங்கவில்லை. முப்பத்தொரு ஞாயிற்றை அவர் ஊரெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்த காலம் முழுக்க, அந்த மனிதர் அவர் கண்ணெதிரே, பத்தடி தூரத்தில், பேச ஆளில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறார். தன்னைத் தாண்டிக் கும்பிட்டவர்கள்மேல் இருபது வருடமாக வைத்திருந்த கோபத்தை அக்கா அன்றைக்கு எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மறையுரை அவர் காதில் விழவே இல்லை.

பூசை முடிந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்ற இரக்கத்தில் எல்லோரும் பெரிய கதவை விட்டுவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியேறினார்கள். வீட்டுக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் பக்கத்தில் வந்து நின்றார். "கார்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோவில் காலியாயிற்று.

அந்த மனிதர் நடுப் பாதை வழியாக வந்தார். அக்காவைப் பார்த்ததும் நின்றார். பெஞ்சின் மறுமுனையில், ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, நுனியில் உட்கார்ந்தார்.

"கோவமாம்மா? இவ்வளவு பேர் முன்னாடி நான் அவ்வளவு பேசியிருக்கக் கூடாது. மைக்கைப் பார்த்ததும் என்னமோ வந்துருச்சு."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். இடது புருவத்தின் மேல் ஒரு பழைய தழும்பு. முன்பல் ஒன்று இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர் பதினோரு வருடமாகக் கவனிக்காத பல்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலையில சொல்லத்தான் பார்த்தேன், நீங்க விடல."

"காலையில இல்ல. இத்தனை வருஷத்துல என்னிக்காவது."

"நீங்க கேக்கலையேம்மா" என்றார். அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

அக்காவுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

முற்றத்தில் ஹாரன்கள் ஒன்று சேர்ந்து எழுந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். யாரோ வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தியது உள்ளேவரை கேட்டது. "வாட்ச்மேன்! ஏம்ப்பா வாட்ச்மேன்! எங்க போயிட்டே?" ஒரு மணி நேரத்துக்கு முன்னால் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்ட குரல்தான்.

"இதோ வந்துட்டேங்க!" என்று பழக்கதோஷத்தில் அவர் எழுந்தார்.

எழுந்தவரால் நகர முடியவில்லை. அந்தக் கட்டம் போட்ட சட்டையின் கை அக்காவின் விரல்களுக்குள் இருந்தது. வாசல் பக்கம் அக்கா திரும்பவே இல்லை. துணியைச் சுருட்டி, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.